ஐக்கிய அமெரிக்காவில் வைன் நேரடி விற்பனைச் சட்டங்கள்

வைன் நேரடி விற்பனை என்பது, வைன் ஆலை ஒன்று தனது உற்பத்தியை மொத்த விற்பனையாளர், சில்லறைக் கடை ஆகிய இடைநிலைகள் இன்றி நுகர்வோருக்குத் தானே விற்பதாகும். ஆலைக்கு நேரில் வருபவருக்கு விற்பதும், தொலைபேசி அல்லது இணையம் வழியாகக் கேட்பவரின் வீட்டுக்குப் பொதியாக அனுப்பி வைப்பதும் இதில் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விற்பனையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டங்களால் கட்டுப்படுத்துகிறது. குறிப்பாக, மாநில எல்லையைக் கடந்து நுகர்வோருக்கு வைன் அனுப்புவது பல மாநிலங்களில் நீண்ட காலம் தடை செய்யப்பட்டிருந்தது. மொத்த விற்பனையாளர்களின் ஆதரவைப் பெறாத சிறிய, குடும்பத்தினரால் நடத்தப்படும் ஆலைகளையே இக்கட்டுப்பாடுகள் மிகுதியாகப் பாதித்தன. 2005 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த கிரான்ஹோம் எதிர் ஹீல்ட் தீர்ப்பு இத்துறையில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

மதுவிலக்குக்கு முன்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் இருந்த மதுக்கடைகளில் பல, பியர் உற்பத்தி நிறுவனங்களின் பிடியில் இருந்தன. உற்பத்தி நிறுவனம் கடைக்காரருக்குக் கடன், தளவாடங்கள் முதலியவற்றை வழங்கும். அதற்கு ஈடாகக் கடைக்காரர் அந்நிறுவனத்தின் மதுவை மட்டுமே விற்க வேண்டும். இத்தகைய கடைகள் "கட்டுண்ட கடைகள்" எனப்பட்டன. விற்பனையைப் பெருக்கும் நெருக்கடி கடைக்காரர் மீது இருந்ததால், இம்முறை அளவுக்கு மீறிய குடிக்கும் அதனால் விளைந்த சமூகக் கேடுகளுக்கும் காரணம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது.

அக்காலத்திலேயே சில மாநிலங்கள் மதுவைத் தடை செய்திருந்தன. ஆயினும் வேறு மாநிலங்களிலிருந்து மது அம்மாநிலங்களுக்குள் வருவதைத் தடுக்க இயலவில்லை. மாநிலங்களுக்கிடையிலான வணிகம் நடுவண் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே இதற்குக் காரணம். இக்குறையைப் போக்க 1890 இல் வில்சன் சட்டத்தையும் 1913 இல் வெப்-கென்யன் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றியது. வெளியிலிருந்து வரும் மதுவுக்கும் மாநிலச் சட்டம் பொருந்தும் என்பதே இவற்றின் சாரமாகும்.

மதுவிலக்கும் அதன் நீக்கமும்

1919 இல் ஏற்கப்பட்ட 18 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, 1920 சனவரி முதல் நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வைன் ஆலைகள் பெரும் எண்ணிக்கையில் மூடப்பட்டன. சமயச் சடங்குகளுக்கான வைன் போன்ற சில விலக்குகளைப் பயன்படுத்தியே எஞ்சியவை தாக்குப் பிடித்தன.

1933 திசம்பர் 5 அன்று ஏற்கப்பட்ட 21 ஆவது திருத்தம் மதுவிலக்கை நீக்கியது. ஆனால் அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி அம்மாநிலத்துக்குள் மதுவைக் கொண்டு செல்வதைத் தடை செய்தது. இதனால் மதுவை எவ்வாறு விற்பது, யார் விற்பது, விற்பதா வேண்டாமா என்பன பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு மாநிலங்களைச் சேர்ந்தது. நாடு முழுவதற்கும் ஒரே மதுச் சட்டம் இல்லாமல், மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்ற நிலை இவ்வாறே உருவானது.

மூவடுக்கு முறை

கட்டுண்ட கடைகள் மீண்டும் தோன்றாமல் தடுக்க, பெரும்பாலான மாநிலங்கள் மது வணிகத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்தன.

1. உற்பத்தியாளர்: மதுவைத் தயாரித்து மொத்த விற்பனையாளருக்கு மட்டும் விற்பவர்.
2. மொத்த விற்பனையாளர்: உற்பத்தியாளரிடம் வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விற்பவர்.
3. சில்லறை விற்பனையாளர்: நுகர்வோருக்கு விற்பவர்.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனி உரிமம் தேவை. ஓர் அடுக்கில் இருப்பவர் பொதுவாக மற்றோர் அடுக்கில் உரிமை கொண்டிருக்க முடியாது. 1935 இன் நடுவண் மது நிருவாகச் சட்டமும் கட்டுண்ட கடை முறையைத் தடை செய்தது. பென்சில்வேனியா, யூட்டா, நியூ ஆம்ப்சயர் போன்ற சில மாநிலங்களில் மொத்த விற்பனையையோ சில்லறை விற்பனையையோ அரசே ஏற்று நடத்தும் முறை ஏற்பட்டது.

இம்முறை மாநில அரசுகளுக்கு வசதியாக இருந்தது. மது முழுவதும் குறைந்த எண்ணிக்கையிலான மொத்த விற்பனையாளர்களின் கிடங்குகள் வழியாகவே செல்வதால், வரியைத் திரட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் எளிதாயின. மறுபுறம், மொத்த விற்பனையாளர் ஏற்றுக்கொள்ளாத எந்த மதுவும் அம்மாநிலக் கடைகளை அடைய இயலாது என்ற நிலையும் ஏற்பட்டது.

சிறு ஆலைகளின் இடர்ப்பாடு

மூவடுக்கு முறை வகுக்கப்பட்டபோது, அதை வகுத்தவர்களின் எண்ணத்தில் இருந்தவை பெரிய பியர், சாராய நிறுவனங்கள். ஆனால் 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வைன் தொழிலின் தோற்றம் மாறியது. கிரான்ஹோம் தீர்ப்பு தரும் விவரப்படி, அப்போது நாட்டில் 3,000 இற்கும் மேற்பட்ட வைன் ஆலைகள் இருந்தன. இது 30 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமாகும். இதற்கு நேர்மாறாக, உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளர்களின் எண்ணிக்கை 1984 இற்கும் 2002 இற்கும் இடையில் 1,600 இலிருந்து 600 ஆகக் குறைந்தது. ஆலைகள் பெருகின, அவற்றின் வைன் கடைக்குச் செல்லும் வாயில்கள் சுருங்கின.

ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டிகள் மட்டும் தயாரிக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி என்பது 750 மில்லிலீட்டர் கொண்ட 12 புட்டிகள், அதாவது 9 லீட்டர். இவ்வாலையின் வைனை ஒரு மாநிலத்தில் ஆண்டுக்குச் சில பத்துப் பெட்டிகள் அளவுக்கே கேட்பவர்கள் இருக்கக்கூடும். அவ்வளவு சிறிய அளவுக்காகக் கிடங்கில் இடம் ஒதுக்குவதும் விற்பனை முகவரை அனுப்புவதும் மொத்த விற்பனையாளருக்கு இலாபம் தராது. அவர் ஏற்றுக்கொண்டாலும், அவருக்கும் கடைக்காரருக்கும் உரிய பங்கு போக, ஆலைக்குக் கிடைப்பது பொதுவாகச் சில்லறை விலையில் ஏறத்தாழப் பாதியே. பெரிய ஆலை இக்குறைவை அளவின் பெருக்கத்தால் ஈடுகட்டும். சிறிய ஆலையால் அவ்வாறு செய்ய முடிவதில்லை.

ஆகவே சிறு ஆலைகள் தங்கள் தோட்டத்தைக் காண வரும் பயணிகளை நம்பின. வெளி மாநிலப் பயணி ஒருவர் ஆலையில் சுவைத்துப் பார்த்து, விரும்பிய புட்டிகளை வாங்கிச் செல்வார். வீடு திரும்பிய பின் அதே வைனை மீண்டும் கேட்டு எழுதினால், அவரது மாநிலச் சட்டம் தடை செய்திருக்கும் பட்சத்தில், ஆலை அதை அனுப்ப இயலாது.

பண்ணை வைன் ஆலைச் சட்டங்கள்

உள்ளூர் வேளாண்மையை ஊக்குவிக்க விரும்பிய சில மாநிலங்கள், தம் எல்லைக்குள் இருந்த சிறு ஆலைகளுக்கு மட்டும் மூவடுக்கு முறையிலிருந்து விலக்கு அளித்தன. பென்சில்வேனியா 1968 இலும், நியூ யார்க் 1976 இலும், வர்ஜீனியா 1980 இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. உள்ளூரில் விளைந்த திராட்சையைப் பயன்படுத்தும் ஆலை, பொதுமக்களுக்குத் தானே விற்க இவை வழி செய்தன. நியூ யார்க்கின் ஃபிங்கர் ஏரிகள் பகுதி போன்ற இடங்களில் திராட்சை விவசாயிகள் தாமே ஆலை தொடங்குவதற்கு இது தூண்டுகோலாக அமைந்தது.

சிறு ஆலைகளுக்கு உதவிய இச்சட்டங்களே பின்னர் வழக்குக்கும் காரணமாயின. உள்ளூர் ஆலைக்கு வழங்கிய உரிமையை அயல் மாநில ஆலைக்கு மறுத்ததால், சட்டத்தின் முன் இரண்டு வகை ஆலைகள் உருவாயின.

பரிமாற்ற உடன்பாடுகளும் தண்டனைகளும்

1986 இல் கலிபோர்னியா வேறொரு வழியை மேற்கொண்டது. தன் ஆலைகள் வைன் அனுப்புவதை அனுமதிக்கும் மாநிலங்களின் ஆலைகள், கலிபோர்னிய நுகர்வோருக்கும் அனுப்பலாம் என அது சட்டமியற்றியது. இத்தகைய பரிமாற்றச் சட்டங்களைக் கொண்டிருந்த மாநிலங்களின் எண்ணிக்கை காலப்போக்கில் 13 ஆனது.

இதற்கு எதிர்த்திசையில், 1990களில் கென்டக்கி, புளோரிடா, ஜார்ஜியா முதலிய மாநிலங்கள் உரிமமற்ற நேரடி அனுப்புதலைப் பெருங்குற்றமாக்கின. மேலும், நேரடியாக அனுப்புவோர் மீது மாநில அரசுகள் நடுவண் நீதிமன்றங்களில் வழக்குத் தொடர, 2000 ஆம் ஆண்டின் 21 ஆவது திருத்தச் செயலாக்கச் சட்டம் வழி செய்தது. இணையத்தின் வரவால் கடல் கடந்தும் பொருள் வாங்கக்கூடிய காலத்தில், ஒரு பெட்டி வைனை அடுத்த மாநிலத்துக்கு அனுப்புவது சிறைத் தண்டனைக்குரிய செயலாக இருந்தது. நேரடி அனுப்புதல் மீதான தடைகள் இணைய வணிகத்துக்குப் பெரும் இடையூறு என நடுவண் வணிக ஆணையம் 2003 சூலையில் வெளியிட்ட அறிக்கை கூறியது.

அரசியலமைப்புச் சிக்கல்

இப்பிணக்கின் மையத்தில் அரசியலமைப்பின் இரண்டு விதிகள் இருந்தன.

முதலாவது, வணிகக் கூறு. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை இது நடுவண் நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. இதிலிருந்து, ஒரு மாநிலம் தன் வணிகர்களுக்குச் சாதகமாகப் பிற மாநில வணிகர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற கோட்பாட்டை நீதிமன்றங்கள் வருவித்தன. எழுத்தில் வெளிப்படையாக இல்லாததால் இது "உறங்கும் வணிகக் கூறு" எனப்படுகிறது.

இரண்டாவது, மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்த 21 ஆவது திருத்தம்.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் மாநிலங்களின் பக்கமே சாய்ந்தன. வெளி மாநிலப் பியரை இறக்குமதி செய்யக் கலிபோர்னியா விதித்த 500 டாலர் உரிமக் கட்டணத்தை 1936 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1984 இல், உள்ளூரில் தயாரிக்கப்பட்ட ஒக்கோலெகாவோ சாராயத்துக்கும் அன்னாசி வைனுக்கும் அவாய் மாநிலம் அளித்த வரி விலக்கு செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் உள்ளூர்த் தொழில் பாதுகாப்பு 21 ஆவது திருத்தத்தின் நோக்கமன்று என்பது அத்தீர்ப்பின் கருத்தாகும்.

கிரான்ஹோம் எதிர் ஹீல்ட்

வழக்கின் பின்னணி

மிச்சிகன், நியூ யார்க் ஆகிய இரு மாநிலங்களின் சட்டங்களை எதிர்த்த வழக்குகள் ஒன்றாக இணைத்து விசாரிக்கப்பட்டன. அப்போது மிச்சிகன் ஆளுநராக இருந்த ஜெனிபர் கிரான்ஹோமின் பெயரும், வழக்குத் தொடுத்தவர்களான வைன் எழுத்தாளர்கள் எலெனோர் ஹீல்ட், ரே ஹீல்ட் ஆகியோரின் பெயரும் வழக்குக்கு அமைந்தன.

மிச்சிகனில் உள்ளூர் ஆலைகள் உரிமம் பெற்று நுகர்வோருக்கு நேரடியாக வைன் அனுப்பலாம். வெளி மாநில ஆலையோ, 300 டாலர் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றாலும், மொத்த விற்பனையாளருக்கு மட்டுமே விற்கலாம். ஹீல்ட் இணையரோடு சேர்ந்து வழக்காடிய கலிபோர்னியாவின் டொமெய்ன் ஆல்பிரட் என்ற சிறிய ஆலையிடம் மிச்சிகன் நுகர்வோர் வைன் கேட்டும், அதனால் அனுப்ப இயலவில்லை.

நியூ யார்க்கின் சட்டம் மறைமுகமானது. அங்கு வெளி மாநில ஆலையும் நேரடியாக அனுப்பலாம். ஆனால் அதற்கு நியூ யார்க்கில் ஒரு கிளை ஆலையோ அலுவலகமோ கிடங்கோ வைத்திருக்க வேண்டும். சில பெட்டிகளை விற்பதற்காக எந்தச் சிறு ஆலையும் இச்செலவை ஏற்க முடியாது. இந்நிபந்தனையை நிறைவேற்றி உரிமம் பெற்ற வெளி மாநில ஆலை ஒன்றுகூட இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் பின்னர் சுட்டிக்காட்டியது. இச்சட்டத்தை வர்ஜீனியாவின் மிடில்பர்க்கில் திராட்சைத் தோட்டமும் ஆலையும் நடத்திய ஜுவானிட்டா ஸ்வீடன்பர்க், கலிபோர்னியாவின் லோடையில் ஆலை நடத்திய டேவிட் லூக்கஸ் ஆகியோர் எதிர்த்தனர்.

கீழ் நீதிமன்றங்கள் முரண்பட்ட முடிவுகளை அளித்தன. மிச்சிகன் சட்டம் செல்லாது என 2003 இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், நியூ யார்க் சட்டம் செல்லும் என 2004 இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறின. இம்முரண்பாட்டைத் தீர்க்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றது.

தீர்ப்பு

2005 மே 16 அன்று, 5-4 என்ற பெரும்பான்மையில் இரு மாநிலச் சட்டங்களும் செல்லாதவையாக்கப்பட்டன. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதியரசர் ஆந்தனி கென்னடி எழுதினார். ஸ்காலியா, சூட்டர், கின்ஸ்பர்க், பிரையர் ஆகியோர் அவருடன் உடன்பட்டனர்.

மாநிலங்கள் இரண்டு காரணங்களை முன்வைத்திருந்தன. ஒன்று, 21 வயது நிரம்பாதோர் இணையம் வழியாக மது வாங்குவர் என்ற அச்சம். மற்றொன்று, வரி ஏய்ப்பு. நேரடி அனுப்புதலை ஏதோ ஒரு வகையில் அனுமதித்த 26 மாநிலங்களில் சிறுவர் வைன் வாங்குவது பெருகியதாக முறையீடு இல்லை என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மேலும், அத்தகைய ஆபத்து உண்டெனில் அது உள்ளூர் ஆலை அனுப்பும் பொதிக்கும் பொருந்தும். பெறுபவரிடம் வயதை உறுதி செய்து கையொப்பம் பெறுவதன் மூலம் முதல் அச்சத்தையும், உரிமமும் விற்பனை அறிக்கையும் கோருவதன் மூலம் இரண்டாம் அச்சத்தையும் போக்கலாம் என்பது நீதிமன்றத்தின் முடிவாகும்.

மாற்றுக் கருத்து

ஸ்டீவன்ஸ், தாமஸ், ஓ'கானர், தலைமை நீதியரசர் ரென்குவிஸ்ட் ஆகியோர் மாறுபட்டனர். வெப்-கென்யன் சட்டமும் 21 ஆவது திருத்தமும் மாநிலங்களுக்கு இவ்வதிகாரத்தைத் தெளிவாக வழங்கியுள்ளன என்று தாமஸ் எழுதினார். 18 ஆவது, 21 ஆவது திருத்தங்களை ஏற்ற தலைமுறையினர் மதுவைப் பிற வணிகப் பொருள்களைப் போன்ற ஒன்றாகக் கருதவில்லை என்பதை ஸ்டீவன்ஸ் நினைவூட்டினார்.

தீர்ப்பின் எல்லை

இத்தீர்ப்பு ஆலைகளுக்கு நேரடி விற்பனை உரிமையை வழங்கியதாகப் பலரால் கருதப்படுவதுண்டு. இது சரியன்று. மூவடுக்கு முறை முறையானதே என்று தீர்ப்பு கூறுகிறது. நேரடி விற்பனையை ஒரு மாநிலம் அனைவருக்கும் அனுமதிக்கலாம். அல்லது அனைவருக்கும் மறுக்கலாம். தன் ஆலைக்கு அனுமதித்து அயல் ஆலைக்கு மறுப்பது மட்டுமே கூடாது. கிடைத்தது சம நடத்தையே அன்றி, விற்கும் உரிமை அன்று.

தீர்ப்புக்குப் பிந்தைய நிலை

அனுமதியை விரிவாக்கிய மாநிலங்கள்

நியூ யார்க்கும் மிச்சிகனும் 2005 இலேயே புதிய சட்டங்களை இயற்றி, உரிமம் பெறும் வெளி மாநில ஆலைகளுக்கும் வாயிலைத் திறந்தன. நியூ யார்க்கில் ஒரு நுகர்வோருக்கு ஆண்டுக்கு 36 பெட்டிகள் வரையும், மிச்சிகனில் ஓர் ஆலை ஆண்டுக்கு மொத்தம் 1,500 பெட்டிகள் வரையும் அனுப்பலாம் என வரம்பு விதிக்கப்பட்டது. கலிபோர்னியா 2006 முதல் பரிமாற்ற முறையைக் கைவிட்டு, எல்லா மாநில ஆலைகளுக்கும் பொதுவான உரிம முறையை ஏற்றது. பென்சில்வேனியா 2016 இல் நேரடி அனுப்புதலை அனுமதித்தது.

உரிமையைக் குறைத்த மாநிலம்

சமத்துவத்தை மறுதிசையிலும் எய்தலாம் என்பதற்கு வர்ஜீனியா எடுத்துக்காட்டாகும். அங்குச் சிறு ஆலைகள் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மொத்த விற்பனையாளர் இன்றித் தாமே வைனை எடுத்துச் சென்று விற்று வந்தன. வெளி மாநில ஆலைகளுக்கு இவ்வுரிமை இல்லாததால் இது பாகுபாடு என நடுவண் நீதிமன்றம் 2005 இல் கூறியது. அனைவருக்கும் உரிமையை நீட்டிப்பதற்கு மாறாக, மாநிலச் சட்டமன்றம் 2006 இல் உள்ளூர் ஆலைகளின் உரிமையை நீக்கியது. அண்டை ஊர் உணவகத்துக்குத் தம் வண்டியில் பெட்டிகளைக் கொண்டு சென்ற ஆலைக்காரர்கள் ஒரே நாளில் அச்சந்தையை இழந்தனர். பின்னர் 2007 இல், சிறு ஆலைகளுக்கென அரசுசார் இலாப நோக்கற்ற மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நியூ யார்க் சட்டத்துக்கு எதிராக வென்ற ஸ்வீடன்பர்க்கின் ஆலையும் இதே மாநிலத்தில்தான் இருந்தது.

அளவு வரம்புகள்

பெயரளவில் நடுநிலையான அளவு வரம்புகள் மூலம் உள்ளூர் ஆலைகளைக் காக்கும் முயற்சிகளும் நடந்தன. மாசசூசெட்ஸ் 2006 இல், ஆண்டுக்கு 30,000 கேலனுக்கு (சுமார் 1,13,500 லீட்டர்) மேல் தயாரிக்கும் ஆலைகளின் நேரடி விற்பனைக்குக் கடும் நிபந்தனை விதித்தது. அம்மாநிலத்தின் ஆலைகள் அனைத்தும் இவ்வரம்புக்குக் கீழேயே இருந்தன. முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் இச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில், 20,000 கேலன் வரம்பு கொண்ட அரிசோனாவின் சட்டத்தை ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் ஏற்றது. வெளி மாநிலச் சிறு ஆலைகள் பலவும் அதனால் பயனடைந்தன என்பதே வேறுபாடாகும்.

நேரில் வரும் நிபந்தனை

நுகர்வோர் முதலில் ஆலைக்கு நேரில் சென்றால் மட்டுமே பின்னர் வைனைப் பொதியாகப் பெறலாம் என்று சில மாநிலங்கள் விதித்தன. 2008 இல் இந்நிபந்தனையை இந்தியானாவில் ஏழாம் வட்ட நீதிமன்றம் ஏற்றது; கென்டக்கியில் ஆறாம் வட்ட நீதிமன்றம் தள்ளியது. தொலைவில் உள்ள ஆலைக்கு இது ஏறத்தாழ முழுத் தடைக்குச் சமமாகும்.

சில்லறைக் கடைகள்

கிரான்ஹோம் தீர்ப்பு உற்பத்தியாளர் பற்றியது. சில்லறைக் கடைகளுக்கு இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றம், கடை உரிமம் பெற விரும்புவோர் இரண்டு ஆண்டுகள் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்ற டென்னசி விதியை 7-2 பெரும்பான்மையில் நீக்கியது. ஆயினும், வெளி மாநிலக் கடைகள் நேரடியாக அனுப்புவதை மிச்சிகன் மறுத்ததை 2020 இல் ஆறாம் வட்ட நீதிமன்றம் ஏற்றது.

நடைமுறைச் சுமைகள்

தற்போது பெரும்பாலான மாநிலங்கள் வைன் ஆலைகளின் நேரடி அனுப்புதலை ஏதோ ஒரு வகையில் அனுமதிக்கின்றன. எனினும் இவ்வனுமதி ஒரே உரிமத்தால் கிடைப்பதில்லை. 30 மாநிலங்களுக்கு அனுப்ப விரும்பும் ஆலை, 30 இடங்களின் விதிகளையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். பொதுவாகப் பின்வருவன தேவைப்படுகின்றன:

* ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிமமும் அதன் புதுப்பிப்புக் கட்டணமும்
* மாநில மதுத் தீர்வையும் விற்பனை வரியும், அவற்றுக்கான காலமுறை அறிக்கைகளும்
* ஒரு நுகர்வோருக்கு அனுப்பக்கூடிய அளவைக் கண்காணித்தல்
* பொதியின் மீது மது உள்ளது என்ற அறிவிப்பும், 21 வயது நிரம்பியவரின் கையொப்பமும்

நடுவண் சட்டப்படி ஐக்கிய அமெரிக்க அஞ்சல் சேவை மதுவை ஏற்பதில்லை. எனவே தனியார் பொதி நிறுவனங்களையே நாட வேண்டும். பெறுபவர் வீட்டில் இல்லையெனில் பொதி திரும்பிவிடும். வெயில் காலத்தில் வண்டியில் கிடக்கும் வைன் கெடவும் கூடும். அறிக்கைகளுக்கெனத் தனி அலுவலர் வைக்க இயலாத ஆலைகள், தம் நுகர்வோர் மிகுதியாக உள்ள சில மாநிலங்களுடன் நிறுத்திக்கொள்கின்றன.

கருத்து வேறுபாடுகள்

நேரடி விற்பனையை எதிர்ப்போரில் மொத்த விற்பனையாளர் அமைப்புகள் முதன்மையானவை. மது சாதாரணப் பொருள் அன்று, பொறுப்பான உள்ளூர் உரிமதாரர் ஒருவர் வழியாகவே அது செல்ல வேண்டும், வரி வருவாயும் கண்காணிப்பும் இதனாலேயே உறுதியாகின்றன என்பன அவர்களது வாதங்கள். பொதுநல ஆர்வலர் சிலரும் இதை ஆதரிக்கின்றனர்.

ஆதரிப்போர், கட்டுண்ட கடைகளை ஒழிக்க வந்த சட்டம் இடைநிலை வணிகரைக் காக்கும் சட்டமாக மாறிவிட்டது என்கின்றனர். அன்று அஞ்சப்பட்டது கடைக்காரரை ஆட்டிப்படைத்த பெரும் உற்பத்தியாளர். இன்று தடைபடுவது கடையையே எட்ட இயலாத சிறு உற்பத்தியாளர் என்பது அவர்களது கூற்று. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே சட்டமன்றங்கள் மாநிலந்தோறும் வெவ்வேறு அளவில் சமரசம் கண்டுள்ளன.

இவற்றையும் பார்க்க

* ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு
* ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் 21 ஆவது திருத்தம்
* மூவடுக்கு முறை
* வைன்